பெயர் எழுத வேண்டாம்

ஜூன் 9, திங்கள்

மதியம் தனபாலன் சார் அறைக்குக் கூப்பிட்டார். துறைத்தலைவர் கூப்பிட்டால் வழக்கமாக யாருடைய வகுப்பையாவது நான் எடுக்க வேண்டியிருக்கும். இன்று அப்படி இல்லை. டவுனில் இருக்கும் பெரிய ஜவுளிக்கடை ஒன்று (பெயரை இதில் எழுதப்போவதில்லை) தன் பெண் பணியாளர்களிடம் கருத்துக் கேட்க விரும்புகிறதாம். எங்கள் சமூகப்பணித் துறை செய்து தர வேண்டும். கேள்வித்தாள் என் பொறுப்பு.

“ஏன் சார் திடீர்னு?” என்றேன்.

“பணியாளர் நலன், லீலா. நல்லது செய்யணும்னு நெனைக்காங்க. அதுக்கும் ஏன்னு கேட்டா எப்படி?”

ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். நிரந்தர இடத்துக்கான நேர்காணல் ஜூலையில் வரும் என்று அதே மூச்சில் சொன்னார். இரண்டையும் ஏன் ஒரே மூச்சில் சொன்னார் என்று பேருந்தில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மகள் கெசியா தலையில் பேன். பேன்சீப்பு வாங்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

கடையிலிருந்து அவர்களே எழுதிய கேள்விகள் வந்தன. முதல் கேள்வி: ‘நமது கடையில் வழங்கப்படும் சத்தான உணவும் பாதுகாப்பான தங்கும் விடுதியும் உங்களுக்குத் திருப்தியாக உள்ளதா?’

சோறு நன்றாக இருந்து விடுதி மோசமாக இருந்தால் ஒருத்தி என்ன பதில் சொல்வாள்? சத்தானது, பாதுகாப்பானது என்று கேள்வியே முடிவு செய்துவிட்ட பிறகு அவள் சொல்ல என்ன மிச்சம்? முதலாண்டு மாணவர்களுக்கு, எப்படிக் கேட்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக இதைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

வீட்டுக்காரர் செல்வினிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். “கடைக்காரன் கடைக்காரன் மாதிரிதான் எழுதுவான். நீ அதுக்கும் ஒரு உள்நோக்கம் கண்டுபிடிப்ப” என்றார். ஒரு பி.டி. மாஸ்டருக்கு உலகம் எளிதாகத்தான் இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

கடைக்குப் போனேன். மேலாளர் நெல்லைநாயகம். ஐம்பது வயது, நெற்றியில் நீறு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மேடம். ஆறு மாடியையும் சுற்றிக் காட்டினார். எந்த மாடியிலும் விற்பனைப் பெண்கள் உட்கார ஒரு முக்காலி இல்லை. சட்டப்படி இருக்க வேண்டும். கேட்டேன். “ஆர்டர் போட்டிருக்கு மேடம், வந்துட்டே இருக்கு” என்றார்.

சாப்பாட்டுக்கூடத்தில் பெண்களிடம் பேசிப் பார்த்தேன். தூணுக்குத் தூண் ஒரு கண்காணிப்பாளர் நின்றுகொண்டிருந்தார். சாப்பாடு எப்படி, நல்லா இருக்கு மேடம். வேலை எப்படி, நல்லா இருக்கு மேடம். சாம்பார் தண்ணீராக ஓடியதை நானே பார்த்தேன்.

கை கழுவும் இடத்தில் ஒருத்தி வலிய வந்து பேசினாள். குழந்தைகள் துணிப் பிரிவு, பெயர் பேச்சியம்மாள், எல்லாரும் பேச்சி என்பார்களாம். இருபத்து மூன்று வயது, கரும்பனூர். கேட்காமலே எல்லாம் சொன்னாள். பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள்.

“பேப்பர்ல பேரு எழுதணுமா மேடம்?”

“வேண்டாம்.”

“எழுத்தப் பாத்துக் கண்டுபிடிச்சிர மாட்டாங்களா?”

“எழுதவே வேண்டாம். டிக் போட்டா போதும்.”

“அத யாரு வச்சிருப்பா?”

“காலேஜ்ல நான்தான் வச்சிருப்பேன்.”

“யாரும் பாக்க முடியாதுல்லா?”

“யாராலயும் முடியாது.”

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இத்தனை கேள்வி இவளுக்கு எதற்கு? மற்றவர்கள் ஒரு வார்த்தைக்கு மேல் பேசப் பயப்படும் இடத்தில் இவளுக்கு மட்டும் பயமில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கேள்விகள் நாற்பதிலிருந்து இருபத்தாறாகக் குறைந்தன.

‘வேலையின்போது உட்கார அனுமதி உண்டா?’ என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்பார்கள். சட்டம் இருக்கிறது, அனுமதியும் காகிதத்தில் இருக்கும். ‘நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை அடைக்கும்வரை எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்?’ என்று மாற்றினேன். இதற்குப் பொய் சொல்ல வேண்டுமானால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாவது கேள்வி: ‘கடந்த மூன்று மாதத்தில் வேலையிடத்தில் யாராவது நீங்கள் விரும்பாத விதத்தில் உங்களைத் தொட்டதுண்டா?’ ஆம் என்றால் எங்கே: கடைத்தளம், படிக்கட்டு, சரக்கு லிஃப்ட், குடோன், விடுதி, கடை வேன். யார் என்று கேட்கவில்லை. கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். இதை முதலில் வைக்கக் கூடாது, கடைசியிலும் கூடாது. சாப்பாடு, கழிப்பறை, விடுமுறை எல்லாம் கேட்டு, இவள் நம் பக்கம் என்று ஒரு நம்பிக்கை வந்த பிறகு கேட்க வேண்டும்.

தனபாலன் சார் அந்தக் கேள்வியை எடுக்கச் சொன்னார். எடுத்தால் கல்லூரி நெறிக்குழு அனுமதி தராது என்றேன். அது முழு உண்மையில்லை. விட்டுவிட்டார்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

நெல்லைநாயகம் தொலைபேசியில் பேசினார்.

“கேள்வி எல்லாம் அருமை மேடம். பத்தொன்பதாவதக்கூட மொதலாளி அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல. ஆனா முன்பக்கம் ஒண்ணுமே காணோமே. எந்த செக்‌ஷன், என்ன வயசு, எந்த வருசம் சேந்தாங்க, எந்த ஊரு. ஆராய்ச்சின்னா அதெல்லாம் இருக்கும்லா?”

இருக்கும். எல்லா ஆய்விலும் இருக்கும். எந்தப் பிரிவில் சிரமம் அதிகம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கா பழையவர்களுக்கா என்று பார்க்க அது வேண்டும். ஊருக்குப் பதில் மாவட்டம் போதும் என்றேன். “ஊராவே இருக்கட்டும் மேடம். வேன் எந்த ரூட்ல விடலாம்னு பாக்க ஒதவும்” என்றார்.

பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறார்கள். வேன் விடுதிக்குத்தான் போகிறது.

தனபாலன் சாரிடம் சொன்னேன். “போட்டு விடுங்க லீலா. இன்னும் பத்து நாள்ல இன்டர்வியூ லெட்டர் வரும், இப்பப் போயி ஊரு பேருக்கு மல்லுக்கட்டிட்டு” என்றார்.

போட்டுவிட்டேன். முதல் தாள் முழுக்க அந்த விவரங்கள். ஊர் கேட்பதில் தவறில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூடக் கேட்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய துணிக்கடையில் பன்னிரண்டு பெண்களிடம் முன்சோதனை. ‘விரும்பாத விதத்தில்’ என்பதற்கு ஒரு அம்மா, “விரும்புன விதத்துலன்னு வேற ஒண்ணு இருக்கா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ‘உங்களுக்குப் பிடிக்காதபடி’ என்று மாற்றினேன்.

முதல் தாளை நிரப்பும்போதே இருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பார்த்தது ஊர் என்ற இடம் வந்தபோது. அதை முன்சோதனைக் குறிப்பில் எழுதவில்லை.

ஜூன் 30, திங்கள்

கருத்தாய்வு முடிந்தது. ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முன்பு முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

காலையில் கடை திறப்பதற்கு முன் சாப்பாட்டுக்கூடத்தில் குழுக்குழுவாக உட்கார்ந்தார்கள். கண்காணிப்பாளர்களை வெளியே போகச் சொன்னேன். நெல்லைநாயகம் சிரித்துக்கொண்டே எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனார். அவ்வளவு சுலபமாகப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு குழுவிடமும் ஒன்றையே சொன்னேன். பெயர் எழுத வேண்டாம். பதிலுக்கு எழுத்து வேண்டாம், டிக் போதும். நீங்கள் போடும் டிக் யாருடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பேச்சி மூன்றாவது குழுவில் இருந்தாள். நான் சொல்வதை வாய் அசையாமல் திருப்பிச் சொல்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இருந்த பெண்கள் அவள் பேனா எடுத்த பிறகே எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து தாள் கட்டுகளோடு இறங்கும்போது, பேச்சி மேலாளர் அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படியானால் இவள் அவர்கள் ஆள்தானா?

ஜூலை 2, புதன்

விடைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மாணவர்களிடம் கொடுக்கவில்லை, நானேதான். உட்கார்ந்த கேள்விக்குப் பெரும்பாலான பதில் ‘ஒருமுறையும் இல்லை’. பத்தொன்பதுக்கு ‘ஆம்’ நாற்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் கட்டு மிச்சமிருக்கிறது. பாதிக்கு மேல் சரக்கு லிஃப்டில் டிக். குடோனிலிருந்து துணி எடுத்து வரும் பெண்கள் அதில்தான் ஏற வேண்டும். குடோன் பொறுப்பாளர்தான் அந்த லிஃப்டை ஓட்டுகிறார்.



ஜூலை 3, வியாழன்

நெல்லைநாயகம் மறுபடியும் பேசினார். அறிக்கை மெதுவாக வரட்டுமாம், அவசரமில்லையாம். “அந்த ஒரிஜினல் பேப்பர மட்டும் குடுத்து விட்டீங்கன்னா போதும் மேடம். எங்க ஆளு வந்து வாங்கிக்கிடுவாரு.”

அறிக்கை வேண்டாம், தாள் வேண்டும்.

தனபாலன் சாரிடம் போய் நின்றேன். அவர் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டே சொன்னார்: “குடுத்துருங்க. அவங்க காகிதம், அவங்க ஆளுங்க. மே மாசம் எவளோ ஒருத்தி வெளிய போன் பண்ணி, லேபர் ஆபீஸ்ல இருந்து ஆளு வந்துட்டாங்களாம். அண்ணாச்சிக்கு ரொம்ப மனவருத்தம். அதுல இருந்துதான் இந்த நலன் எல்லாம்.”

“யாரு போன் பண்ணுனான்னு அவங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாதுன்னுதான் நெனைக்கேன்.”

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். நான் ஒன்றும் கேட்காதது போல வெளியே வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

கணினியில் ஏற்றிய பின் ஒரு வரியை எடுத்து, தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது வழக்கம். எந்த வரியையும் எடுக்கலாம். துறைக் கணினியறையில் மதிய இடைவேளையில் செய்தேன். யாரும் இல்லை.

பிரிவு: குழந்தைகள். வயது: 23. ஊர்: கரும்பனூர். மூன்றை வடிகட்டியதும் திரையில் ஒரே ஒரு வரி நின்றது. சேர்ந்த வருடம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு கடலைமிட்டாய் கடித்து முடிப்பதற்குள் ஆகிவிட்டது. எனக்கே இவ்வளவு நேரம்தான் என்றால், பெயர்ப்பட்டியலும் சம்பளப்பட்டியலும் கையில் வைத்திருப்பவருக்கு?

வேவு பார்ப்பவள் என்றால் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். சாப்பாடு மோசம். உட்கார்ந்தது ஒருமுறையும் இல்லை. பத்தொன்பது, ஆம். சரக்கு லிஃப்ட். இருபத்து நான்கு, ‘பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?’ கடைக்குள் இருக்கும் ஐந்து பேரையும் விட்டுவிட்டு, ‘வெளியே’ என்ற கட்டத்தில் டிக்.

அந்த டிக்கைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. அதை இந்த நோட்டில்கூட எழுதமாட்டேன்.

தாளையும் எடுத்து ஒப்பிட்டேன். பிழை இல்லை. சரியாகத்தான் ஏற்றியிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

நெல்லைநாயகத்தின் ஆள் கல்லூரிக்கு வந்து காத்திருந்தாராம். நான் விடுப்பு. தாள் கட்டுகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

“இதெல்லாம் ஏன் இங்க இருக்கு?” என்றார் செல்வின். சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, கடைக்காரர் கேட்பதை மட்டும்.

“அப்ப அந்த வேல ஒனக்கு வராதுல்லா?” என்றார்.

“வராது.”

“சரி. என்ன செய்யணும் சொல்லு.”

இதுவரை அவரைப் பற்றி இந்த நோட்டில் எழுதியவற்றில் சிலதை அடித்துவிடலாம் போலிருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் தொடங்கினோம். ஒவ்வொரு கேள்வித்தாளிலும் ஸ்டேப்ளர் பின்னை எடுத்து, ஊரும் வயதும் பிரிவும் இருக்கும் முதல் தாளைத் தனியாகவும் விடைத் தாள்களைத் தனியாகவும் பிரித்தோம். கெசியா இரண்டு குவியலையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் கலைத்து அடுக்கினாள். என்ன விளையாட்டு இது என்று கேட்டாள். செல்வினுக்குப் பின் குத்தி இரண்டு விரலில் ரத்தம்.

கணினிக் கோப்பில் ஊரையும் வயதையும் வருடத்தையும் அழித்தேன். பிரிவுக்குப் பதில் எந்த மாடி என்பதை மட்டும் விட்டேன். ஒவ்வொரு மாடியிலும் எண்பது பேருக்கு மேல்.

ஜூலை 7, திங்கள்

மூலத் தாள்களைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். இரண்டு கட்டு, ஒன்றில்கூடத் தாள் குறையவில்லை.

மாலை நெல்லைநாயகம் பேசினார். மேடம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. “முன்தாளு தனியா கெடக்கு, எது எதோட சேரும்?” என்றார்.

“எனக்கும் தெரியாது சார்” என்றேன்.

ஜூலை 9, புதன்

தனபாலன் சார் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். “ஒங்களுக்கு நல்லதுதான நெனச்சேன் லீலா. நான் யாருக்கும் கெட்டது நெனைக்கல.” அவர் அதை நம்புகிறார் என்றுதான் தோன்றியது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மாடிவாரியாக எழுதிய அறிக்கையின் ஒரு பிரதியை ஆட்சியர் அலுவலகத்தில், பெண்கள் புகாரை விசாரிக்கும் உள்ளூர்க் குழுவிடம் நேரில் கொடுத்தேன். அந்த அதிகாரியம்மாள் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “இதுல பேரே இல்லையேம்மா” என்றார்.

“இருக்கக் கூடாது மேடம்.”

“பேரு இல்லாம நாங்க யார விசாரிக்க?”

“லிஃப்ட் ஓட்டுறவருக்குப் பேரு இருக்குல்லா மேடம்” என்றேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்.

ஜூலை 19, சனி

நேர்காணல் கடிதம் எனக்கு வரவில்லை. மற்ற இருவருக்கு வந்தது.

கெசியா தலை சுத்தமாகிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

குழுவிலிருந்து மூன்று பேர் கடைக்குப் போனார்களாம். குடோன் பொறுப்பாளரை நிறுத்திவிட்டார்கள். வேறு ஊர்க் கிளைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. எது உண்மை என்று தெரியவில்லை. எந்தப் பெண்ணையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்பதை மட்டும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புதிய பேருந்து நிலையத்தில் பேச்சியைப் பார்த்தேன். அவள்தான் முதலில் பார்த்து ஓடி வந்தாள். ஊரில் கோயில் கொடை விழா, நான்கு நாள் விடுப்பு. கையில் தங்கச்சிக்கு எடுத்த பாவாடைத் துணி. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள்.

“முக்காலி வந்துட்டு மேடம். மாடிக்கு எட்டு. சுத்துமுறை வச்சு உக்காருதோம். மொத நாளு உக்காரவே கூச்சமா இருந்துச்சு.”

“அன்னைக்கு மேனேஜர் ரூம்ல இருந்து வந்தியே?”

“இந்தக் கொடைக்கு லீவு கேக்கப் போனேன். ஒரு மாசம் முன்னாடியே சொல்லணும்லா. மொதல்ல தரமாட்டேன்னுட்டாரு, அழுகையா வந்துச்சு. நீங்க பாத்துரக் கூடாதுன்னு திரும்பிட்டேன்.”

சிரித்தாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அவளுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன்.

“இப்ப நீ அந்த லிஃப்ட்ல தைரியமாப் போகலாம்லா?”

தேநீரை வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

“லிஃப்ட் விசயம் நான் ஒங்ககிட்ட சொல்லலியே மேடம்.”

“நிறையப் பேரு டிக் போட்டிருந்தாங்க. பொதுவாத்தான் கேட்டேன்.”

“பொதுவா கேக்கல. நீன்னு கேட்டீங்க.”

எத்தனையோ பேருக்குக் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லை அவளால் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை, பார்க்க முடியாதபடி செய்துவிட்டேன், தாளைப் பிரித்துக் கலைத்தோம், என் வீட்டுக்காரர் விரலில் ரத்தம் வந்தது என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். நான் எதற்காகப் பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்காததே நல்லது என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

“பக்கத்துல இருந்த பிள்ளைய எல்லாம் பயந்துக்கிட்டு இருந்துச்சு மேடம்” என்றாள், தம்ளரைப் பார்த்துக்கொண்டே. “நான்தான் சொன்னேன். போடுங்கட்டி, அந்த மேடம் சொன்னா சொன்னதுதான்னு.”

தென்காசிப் பேருந்து வந்தது. தேநீருக்கு நன்றி சொன்னாள். ஏறியதும், நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தது. அவள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.